அரண்மனைச் சுவரின் தோல்

கொத்தனார் சாந்து பூசும் கருவிக்குக் கரணை என்றும் ஒரு பெயர் உண்டு. பீர்க்கன்கரணையில் குடியிருக்கும் எனக்கு இது அகராதி புரட்டிய ஒரு நாளில்தான் தெரியவந்தது. எங்கள் ஊரின் பெயருக்கும் பள்ளிக்கரணையின் பெயருக்கும் அந்தக் கருவியோடு உறவு உண்டு என்று வாதாட எனக்கு எண்ணமில்லை. ஊர்ப்பெயரில் வரும் கரணை நிலத்தைக் குறிப்பதாக இருக்கலாம். ஆனாலும் அன்று முதல் பூச்சு வேலை நடக்கும் இடங்களில் நின்று பார்ப்பது வழக்கமாகிவிட்டது. பெருங்களத்தூர், தாம்பரம் பக்கம் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளை இடிக்கும்போது இன்னும் கூர்ந்து பார்ப்பேன். கடப்பாரை பட்டு உடைந்த சுவரின் விளிம்பில் வரி வரியாக நிறங்கள் தெரியும். மேலே டிஸ்டெம்பர், அதன் கீழே பச்சை, அதற்கும் கீழே நீலம் கலந்த வெள்ளை, அப்புறம் எண்ண முடியாத அளவுக்கு வெறும் வெள்ளை. பொங்கலுக்குப் பொங்கல் அடித்த சுண்ணாம்பு அது. ஒரு குடும்பம் அந்த வீட்டில் எத்தனை பொங்கல் கண்டது என்பதைச் சுவரே கணக்கு வைத்திருக்கும்.

அந்த வீட்டை "முதலில் இருந்தபடியே" திருத்திக் கொடுங்கள் என்று ஒருவர் கேட்டால் எந்த வரியில் நிற்பது? நீலத்திலா, அடியில் இருக்கும் முதல் வெள்ளையிலா? அடி வெள்ளைக்குப் போகவேண்டுமானால் மேலே உள்ள எல்லாப் பொங்கல்களையும் சுரண்டி எறிய வேண்டும். வீட்டுக்கு இது சின்னக் கேள்வி. அரண்மனைக்கு வரும்போது வரலாற்றையே தொடும் கேள்வியாகிவிடுகிறது. எங்கள் ஊரை ஒட்டி ஓடும் ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போனால் மதுரை. அங்கே இந்தக் கேள்வி 150 ஆண்டுகளுக்கும் மேலாகப் பதில் கிடைக்காமல் நிற்கிறது.

திருமலை நாயக்கர் மகாலைச் சொல்கிறேன். 1623 முதல் 1659 வரை மதுரையை ஆண்ட திருமலை நாயக்கர் 1636இல் கட்டியது. இன்று நாம் நுழைந்து அண்ணாந்து பார்ப்பது சொர்க்க விலாசம் என்ற பகுதியை. அதற்கு இணையாக ரங்க விலாசம் என்று ஒன்று இருந்தது, அது போய்விட்டது. மூல அரண்மனையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான் மிச்சம் என்பார்கள். மற்றதெல்லாம் தெருப்பெயர்களாக மாறிவிட்டது. நவபத்கானா தெரு என்று இப்போதும் மதுரையில் சொல்கிறார்கள். முரசும் நாகசுரமும் முழங்கிய நௌபத் கானாவின் எச்சம் அந்தப் பெயர். துணிக்கடைகளுக்கு நடுவே பத்துத் தூண் சந்தில் நிற்கும் அந்தப் பெருந்தூண்களைப் பார்க்கிறவர்கள், அவை தாங்கிய கட்டடம் எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும் என்று யோசிக்கக்கூட இடமில்லாமல் நெருக்கித் தள்ளப்படுகிறார்கள்.

இடித்தது அந்நியர் அல்லர். திருமலையின் பேரன் சொக்கநாத நாயக்கர் 1660களில் தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றினார். அங்கே தமக்கு அரண்மனை கட்ட இங்கிருந்து பொருள்களைப் பெயர்த்துக்கொண்டு போனார். பெயர்த்தவை எவை என்பது நம் கேள்விக்கு முக்கியம். செங்கல் சுவரைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. மரச் சிற்ப வேலைப்பாடுகளையும் மணி பதித்த அலங்காரங்களையும் எடுத்துப்போக முடியும். அதாவது, எதை இன்று "உள் அலங்காரம்" என்கிறோமோ அதுதான் முதலில் வண்டியேறியது. திருச்சியில் அரசு அருங்காட்சியகம் இயங்கும் ராணி மங்கம்மாள் மகால் சொக்கநாதரின் அரண்மனையில் எஞ்சிய கொலு மண்டபம். மதுரையின் உட்புறத்தில் எது அங்கே போய்ச் சேர்ந்தது, அங்கிருந்து பிறகு எங்கே கலைந்தது என்பதற்குப் பட்டியல் இல்லை.

அதன் பிறகு 200 ஆண்டுகள் மகால் மழையில் நனைந்தது. 1792இல் தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்ற இரு ஓவியர்கள் மதுரைக்கு வந்து அரண்மனையை வரைந்தார்கள். அவர்கள் அச்சிட்ட படங்களில் செடி முளைத்த வளைவுகளும் பாதி சரிந்த சுவர்களும் இருக்கின்றன. 1858இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் பெரிய கேமராவோடு வந்தார். மதுரையைப் பற்றி அவர் எடுத்த படத் தொகுதியில் மகாலும் உண்டு. மராமத்துக்கு முந்தைய மகாலைப் பற்றி நம்மிடம் உள்ள மிக நேர்மையான சாட்சி அதுதான் என்பேன். ஓவியர் அழகுக்காக ஒரு மரத்தைத் தள்ளி வைப்பார், கேமரா வைக்காது. ஆனால் அந்தப் படங்களில் நிறம் இல்லை.

1866இல் நேப்பியர் பிரபு சென்னை ஆளுநராக வந்தார். 1872 வரை இருந்தார். மகாலைப் பார்த்து மனம் தோய்ந்தவர் அவர். பழுது பார்க்கும் பணியில் சென்னை அரசின் கட்டடக் கலைஞர் ராபர்ட் ஃபெல்லோஸ் சிஷோம் ஈடுபட்டார். கட்டடத்தை அளந்தார்கள், வரைந்தார்கள், விழ இருந்த வளைவுகளைத் தாங்கிக் கட்டினார்கள், உதிர்ந்த சுதை வேலையைத் திரும்ப எடுத்தார்கள், பூசினார்கள், வண்ணம் தீட்டினார்கள். இந்த வேலை நடந்திராவிட்டால் இன்று பத்துத் தூண் சந்தைப் போல இன்னொரு சந்துதான் நமக்குக் கிடைத்திருக்கும். அந்த நன்றியோடுதான் அடுத்ததைச் சொல்கிறேன். நாம் அண்ணாந்து பார்த்து "நாயக்கர் காலத்து அழகு" என்று வியக்கும் விதானப் பூவேலையிலும் வண்ணத்திலும் கணிசமான பகுதி அந்த 19ஆம் நூற்றாண்டு மராமத்தின் கை. 1636இன் எலும்புமேல் 1870இன் தோல்.

இதே சிஷோம்தான் சென்னையில் இன்னொரு அரண்மனையைத் தொட்டார். சேப்பாக்கம் அரண்மனை ஆர்க்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவுக்காக 1768 அளவில் எழுந்தது. கட்டியவர் பால் பென்ஃபீல்டு என்று கருதப்படுகிறது. கலஸ் மகால், ஹுமாயூன் மகால் என இரண்டு பெரும் பகுதிகள். 1855இல் நவாப் குலாம் கவுஸ் கான் வாரிசின்றி இறந்ததும் கம்பெனி அரசு நவாப் பதவியையே ஒழித்தது. கடனுக்காக ஏலத்துக்கு வந்த அரண்மனையை அரசு எடுத்துக்கொண்டு அலுவலகமாக்கியது. சிஷோம் இரு மகால்களுக்கும் நடுவே ஒரு கோபுரம் எழுப்பினார். வருவாய் வாரியத்துக்குக் கட்டடம் சேர்த்தார். ஹுமாயூன் மகால் தொடக்கத்தில் நடுவே குவிமாடம் கொண்ட ஒரே தளமாக இருந்து, பின்னாளில் குவிமாடம் போய் மேல்தளம் வந்தது. மதுரையில் பழைய உருவத்தை மீட்கப் பாடுபட்ட கலைஞர், சென்னையில் கோப்புகள் அடுக்க இடம் தேடும் அரசுக்காக ஓர் அரண்மனையின் முகத்தை மாற்றினார். மனிதர் ஒருவரே, அவரை வேலைக்கு அழைத்தவர்களின் தேவைதான் வேறு. மராமத்து என்பது எப்போதுமே அந்தந்தக் காலத்தின் விருப்பத்தையும் சேர்த்துப் பூசுகிற வேலை.

உலகின் கோட்டைகளிலும் கதை இப்படித்தான் போயிருக்கிறது. பிரான்சில் மூன்றாம் நெப்போலியனுக்காக வியோலே-லெ-துயூக், பியர்ஃபோன் கோட்டையை 1850களின் பிற்பகுதியில் எடுத்துக் கட்டத் தொடங்கினார். சிதிலமாகக் கிடந்த இடைக்காலக் கோட்டை அது. சுவர் ஓவியம், கணப்படுப்பு, படிக்கட்டுக் கைப்பிடி என்று உள்ளறைகள் முழுவதையும் அவர் கற்பனையிலிருந்தே வரைந்தார். ஒரு கட்டடம் எந்தக் காலத்திலும் அடைந்திராத முழுமையைக்கூட அதற்குக் கொடுப்பதுதான் புனரமைப்பு என்பது அவர் கொள்கை. இங்கிலாந்தில் ஜான் ரஸ்கின் 1849லேயே இதற்கு எதிராக எழுதினார். இறந்தவரை எழுப்ப முடியாததுபோல் கட்டடத்தையும் பழையபடி ஆக்க முடியாது என்பது அவர் வாதம். 1877இல் வில்லியம் மாரிஸ் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். அந்தச் சங்கத்துக்குச் 'சுரண்டல் எதிர்ப்புச் சங்கம்' என்றே பட்டப்பெயர் வந்தது. அன்றைய புனரமைப்பாளர்கள் இடைக்காலத் தேவாலயங்களின் உட்சுவரிலிருந்த பூச்சைச் சுரண்டிக் கல்லை வெளியே காட்டினார்கள். கல்தான் பழமை, பூச்சு பிற்காலத்து அழுக்கு என்று நினைத்தார்கள். உண்மையில் அந்தக் கட்டடங்களின் உட்புறம் ஆதியிலேயே சுண்ணாம்பு பூசி வண்ணம் தீட்டப்பட்டிருந்தது. இன்று ஐரோப்பியக் கோட்டை என்றதும் நம் மனக்கண்ணில் வரும் இருண்ட வெறுங்கல் அறை, பெரும்பாலும் அந்தச் சுரண்டலின் பயன்.

நம் ஊரில் இது நடக்கவில்லையா? கோயில் திருப்பணிகளில் மணலை விசையோடு பீய்ச்சிக் கல்லைச் சுத்தப்படுத்தினார்களே, அதே மயக்கம்தான். கல் பளிச்சென்று வெளுத்தது. கல்லோடு கல்லாய் ஒட்டியிருந்த சுண்ணப்பூச்சும் அதில் மங்கிக் கிடந்த வண்ணமும் தூசியாய்ப் போயின. ஒருமுறை போனால் எந்தத் தொல்லியலாளராலும் திருப்பிக் கொண்டுவர முடியாது.

இதற்கு நேர் எதிரான பாடமும் தமிழ்நாட்டில்தான் இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றிய உள்நடையில், நாயக்கர் கால ஓவியத்தின் அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். மேல் படலம் உதிர்ந்த இடத்தில் அடிப் படலம் எட்டிப் பார்த்தது. "மூலத் தோற்றம்" வேண்டும் என்று அவசரப்பட்டிருந்தால் நாயக்கர் ஓவியத்தைச் சுரண்டிப் போட்டிருக்கலாம். இந்தியத் தொல்லியல் துறையின் வேதியியலாளர்கள் மேல் படலத்தைச் சேதமில்லாமல் தனியே உரித்து எடுக்கும் ஒரு முறையை உருவாக்கினார்கள். உரித்ததைக் கண்ணாடி இழைப் பலகையில் ஒட்டிப் பாதுகாத்தார்கள். சோழரையும் காண முடிந்தது, நாயக்கரையும் இழக்கவில்லை. இரண்டு காலங்களில் ஒன்றைக் கொன்றுதான் மற்றதைக் காப்பாற்ற வேண்டும் என்ற நிலை வந்தால் முதலில் கையைக் கட்டிக்கொண்டு யோசிக்கவேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

மகாலுக்குத் திரும்பலாம். அதன் உட்புறத்தின் மூலத் தோற்றம் என்று ஒன்றைத் தேடினால் கைக்கு அகப்படுவது முதலில் பூச்சுதான். செங்கல்லும் சுதையும் கொண்டு, மர உத்தரமோ இரும்போ தாங்காமல், வளைவுகளும் குவிமாடங்களும் ஒன்றையொன்று முட்டுக்கொடுத்து நிற்கும் கட்டடம் அது. அந்தச் செங்கல்மேல் கிளிஞ்சல் சுண்ணாம்பில் முட்டை வெள்ளை சேர்த்துப் பூசிய வழவழப்பான மேல்பூச்சு. ஐரோப்பியர்கள் சென்னைக்கு வந்து 'மெட்ராஸ் சுண்ணம்' என்று பெயர் வைத்து, பளிங்கு என்றே ஏமாந்ததாக எழுதியது இந்தப் பூச்சின் குடும்பத்தைத்தான். செட்டிநாட்டு வீடுகளின் சுவரைத் தடவிப் பார்த்தவர்களுக்கு உள்ளங்கையிலேயே அதன் நினைவு இருக்கும்.

செய்முறையைச் சொன்னால்தான் அருமை விளங்கும். கிளிஞ்சலைக் காளவாயில் சுடுகிறார்கள். ஏறத்தாழ 900 டிகிரி வெப்பத்தில் அதிலிருந்து கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பாகிறது. தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீறுகிறது. நீற்றியதைச் சலித்து, நீரில் மூழ்கவைத்து, நாள்கணக்கில் ஆறப்போடவேண்டும். எவ்வளவுக்கு ஆறுகிறதோ அவ்வளவுக்கு வெண்ணெய்போல் குழையும். காரைக்கு மணலோடு சேர்த்து அரைக்கும்போது கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரை விடுவார்கள். வெல்லத்தின் சர்க்கரை, சுண்ணாம்பு நீரில் கரையும் அளவைக் கூட்டுகிறது. கடுக்காயின் துவர்ப்புப் பொருள் பிடிப்புக்கு உதவுகிறது. முதல் பூச்சு முரடு, அடுத்தது மென்மை, கடைசியில் மாவுபோல் அரைத்த சுண்ணாம்பில் முட்டை வெள்ளை சேர்ந்த மெல்லிய தடவல். ஈரம் இருக்கும்போதே மாக்கல் பொடி தூவி வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். தேய்க்கும் கை எப்போது நிறுத்தவேண்டும் என்பது எந்தக் கையேட்டிலும் இல்லை. பிறகு காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சுண்ணாம்பு மெல்ல மெல்ல வாங்கி மறுபடி கல்லாகிறது. கிளிஞ்சலாகக் கடலில் இருந்த பொருள் சுவரில் மீண்டும் கிளிஞ்சலாகிறது என்று சொன்னால் வேதியியல்படியும் தவறில்லை.

இந்தச் சுவருக்குச் சிமென்ட் ஒட்டுப் போட்டால் என்ன ஆகும்? சுண்ணப் பூச்சு ஈரத்தை வாங்கி வெளியே விடும்; சுவர் மூச்சுவிடுகிறது என்று கொத்தனார்கள் சொல்வது இதைத்தான். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரம் உள்ளே தேங்கி, செங்கல்லின் உப்பைக் கரைத்துக்கொண்டு வேறு இடத்தில் வெளியேறப் பார்க்கிறது. ஒட்டுப் போட்ட இடம் உறுதியாக நிற்க, அதைச் சுற்றியுள்ள பழைய பூச்சு உப்புப் பூத்துப் பொரிந்து கொட்டுகிறது. கண்ணுக்கு அன்றைக்குச் சீராகத் தெரிந்த மராமத்து, பத்து மழைக்காலத்துக்குள் பழைய சுவரையே தின்றுவிடும். பிளாஸ்டிக் எமல்ஷன் பெயின்டும் இதே வேலையைச் செய்கிறது. எங்கள் பகுதியில் ஏரியை ஒட்டிய பழைய வீடுகளின் அடிச்சுவரில் இடுப்பளவுக்கு உப்புப் பூத்திருப்பதைப் பார்க்கிறவர்களுக்கு இது புதுச் செய்தியல்ல.

சேப்பாக்கத்தில் சுண்ணாம்பின் உறுதியைக் கண்ணால் காணும் வாய்ப்பு ஒரு துயரத்தின் வழியே வந்தது. 2012 ஜனவரி 16 அன்று கலஸ் மகாலில் தீப்பிடித்தது. அணைக்கப் போன தீயணைப்பு அதிகாரி ஒருவர் உயிரிழந்தார். கூரை விழுந்தது, மரமெல்லாம் கரியானது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்ற பேச்சும் எழுந்தது. ஆனால் சுண்ணாம்புக் காரையில் எழுந்த தடிச் சுவர்கள் நின்றன. பொதுப்பணித் துறை சுண்ணாம்பிலேயே அதைத் திரும்ப எடுத்துக் கட்டியது. இப்போது தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே இயங்குகிறது. அடுத்து ஹுமாயூன் மகாலும் அதே முறையில் சீராக்கப்பட்டது. இழந்த குவிமாடத்தைக் கற்பனையாகக் கட்டி ஏற்றாமல், கையிலிருந்த இரண்டு தளக் கட்டடத்தையே காப்பாற்றினார்கள். இது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். அதைவிடப் பெரிய நன்மை வேறு. கடுக்காயும் வெல்லமும் ஊறப்போட்டு அரைவையில் காரை அரைக்கும் வேலை, சென்னையின் நடுவில், அரசு ஒப்பந்தப் பணியாக, ஆண்டுக்கணக்கில் நடந்தது. இளம் கொத்தனார்கள் அதில் கை பழகினார்கள். ஓர் அரண்மனையை மீட்பதற்கு ஆகும் செலவில் இந்தக் கை பழகுதலையும் வரவாக எழுதவேண்டும்.

ஆகப் பூச்சு வரைக்கும் வழி தெரிகிறது. நிறத்துக்கு வந்தால்தான் சிக்கல். மகாலின் தூண்களும் விதானமும் 1636இல் என்ன நிறத்தில் இருந்தன?

சுற்றுச் சாட்சிகள் இருக்கின்றன. ராமநாதபுரத்தில் கிழவன் சேதுபதி கட்டிய ராமலிங்க விலாசம், தமிழ்நாட்டில் உட்புறம் பெருமளவு கலையாமல் நமக்குக் கிடைத்த அரண்மனை மண்டபம். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தில் தீட்டிய ஓவியங்கள் அதில் சுவர், தூண், வளைவு, விதானம் எங்கும் நிறைந்திருக்கின்றன. ராஜராஜேஸ்வரி அம்மனிடம் மன்னர் செங்கோல் பெறுகிறார், ஐரோப்பியரைச் சந்திக்கிறார், தஞ்சை மராத்தியரோடு போர் நடக்கிறது, மேல்மாடத்தில் அந்தப்புரக் காட்சிகள். சிவப்பும் மஞ்சளும் கருநீலமும் வெள்ளையும். ஒரு சாண் இடம்கூடச் சும்மா விடவில்லை. மதுரை நாயக்கரின் கீழ் இருந்து வளர்ந்தவர்கள் சேதுபதிகள். அவர்களுடைய கொலு மண்டபம் இப்படியென்றால் மதுரையின் உட்புறம் இன்றைய வெளிர் மஞ்சள் அமைதியில் இருந்திருக்குமா என்ற ஐயம் எழுவது இயல்பு.

திருவாரூர் தியாகராசர் கோயிலின் தேவாசிரிய மண்டபத்தில் முசுகுந்தன் கதையை 17ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி வரைந்திருக்கிறார்கள். தமிழில் விளக்க வரிகளோடு. விதானத்தில் உள்ள அந்த ஓவியங்களில் அரண்மனைகளும் வருகின்றன. அவற்றில் மேசை நாற்காலியைத் தேடாதீர்கள். துணிதான் இருக்கிறது. மேலே விதானத் துணி, வாயிலில் சுருட்டிக் கட்டிய திரை, தரையில் விரிப்பு, சாய்ந்துகொள்ளத் திண்டு. நமக்கு அரசவை என்றதும் சினிமா செட் நினைவுக்கு வந்துவிடுகிறது. வெல்வெட் சிம்மாசனமும் தொங்கும் கண்ணாடி விளக்கும் இருபுறமும் நாற்காலியில் மந்திரிகளும். 'பம்பாய்' படத்தின் 'கண்ணாளனே' பாட்டை மகாலில் எடுத்தார்கள். 1995இல் அதைப் பார்த்த தலைமுறைக்கு மகாலின் உட்புறம் என்றால் அந்த விளக்கொளிதான். அதில் குற்றமில்லை. ஆனால் நாயக்கர் காலத்து அறை அடிப்படையில் வெறும் அறை. நாளுக்கேற்ப, விழாவுக்கேற்ப, பருவத்துக்கேற்பத் துணியால் அதை உடுத்தினார்கள், அவிழ்த்தார்கள். அரண்மனை உட்புறத்துக்கு நிலையான ஒரு தோற்றம் இருந்தது என்ற எண்ணமே நாம் பிற்பாடு கற்றுக்கொண்டது.

சோழமண்டலக் கரையில் அந்தக் காலத்தில் உருவான சித்திரத் துணிகள் உலகின் பெரிய அருங்காட்சியகங்களில் தொங்குகின்றன. நியூயார்க்கின் புரூக்ளின் அருங்காட்சியகத்தில் உள்ள ஏழு பகுதிகள் கொண்ட கலம்காரித் தொங்கல், 1610க்கும் 1640க்கும் இடையில் ஆனது என்கிறார்கள். அதாவது மகால் எழுந்த அதே தலைமுறை. பல நாட்டு மனிதர்கள், அவரவர் அரண்மனையில், அவரவர் உடையில், வளைவுகளுக்குக் கீழே நிற்கிறார்கள். அவ்வளவு பெரிய துணி ஒரு மண்டபத்தின் சுவரை மறைக்கத்தான் பிறந்திருக்கும்.

இந்தச் சான்றுகளையெல்லாம் சேர்த்துவைத்து மகாலுக்குள் ராமநாதபுரத்து ஓவியத்தை நகலெடுத்துத் தீட்டிவிடலாமா? கூடாது. 1964இல் வகுத்த வெனிஸ் சாசனம் இதற்கு ஒரு கோடு போட்டிருக்கிறது. ஊகம் தொடங்கும் இடத்தில் புனரமைப்பு நின்றுவிடவேண்டும். ராமநாதபுரம் ராமநாதபுரத்துக்குச் சாட்சி. மதுரைக்கு அது உறவுமுறைச் சாட்சிதான். மகாலின் நிறத்தை மகாலின் சுவர்தான் சொல்லவேண்டும். சொல்லவைக்க வழியும் இருக்கிறது. மறைவான மூலைகளில், வளைவின் உட்குழிவில், 19ஆம் நூற்றாண்டு மராமத்துக்காரர்களின் கை எட்டாத இடுக்கில், கட்டைவிரல் நகத்தளவு பூச்சை எடுத்து, குறுக்கே அறுத்து, நுண்ணோக்கியில் வைத்தால் பொங்கல் வீட்டுச் சுவரைப்போல் வரி வரியாகத் தெரியும். எது முதல் வரி, அதில் என்ன மண், என்ன நிறமி என்று அறியலாம். ஒவ்வொரு படலத்தையும் சிறிது சிறிதாகத் திறந்து படிக்கட்டுபோல் காட்டும் பழக்கம் உலகெங்கும் இருக்கிறது. இதைச் செய்து முடிக்கும்வரை மகாலின் சுவரில் புது நிறத்தோடு யாரும் தூரிகை வைக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. சிஷோம் காலத்து வண்ணத்தையும் சுரண்டக்கூடாது. இன்றைக்கு அதற்கே 150 வயது. மாவட்ட நீதிமன்றமாக 1970 வரை மகால் இயங்கியதும் சேர்த்து, அந்தச் சுவர் கண்டது எல்லாமே அதன் வாழ்க்கைதான்.

ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் கோட்டையில் வேறு வழியில் போனார்கள். ஐந்தாம் ஜேம்ஸ் மன்னர் கட்டிய அரண்மனையின் அறைகளை 1540களின் தோற்றத்துக்குத் திருப்பி 2011இல் திறந்தார்கள். சிவப்பு, பச்சை, நீலம், பொன் என்று கண்ணைப் பறிக்கும் அறைகள். 12 மில்லியன் பவுண்டு செலவு. நூற்றாண்டுக் கணக்கில் படை முகாமாக இருந்து வெறுமையான இடம் அது. அங்கே துணிந்ததற்குக் காரணம் இருந்தது. கூரையில் பதித்திருந்த ஓக் மரச் சிற்ப வட்டங்கள் 1777இல் கழற்றப்பட்டும் பலவும் பிழைத்துக் கிடந்தன. மன்னரின் உடைமைப் பட்டியல்கள் எழுத்தில் இருந்தன. அப்படியும் மூலச் சிற்பங்களைத் தனியே காட்சிக்கு வைத்துவிட்டு, கூரைக்குப் புதிதாகச் செதுக்கினார்கள். ஒற்றைக்கொம்புக் குதிரை வேட்டையைச் சித்திரிக்கும் ஏழு திரைச்சீலைகளை நியூயார்க்கில் உள்ள பழைய தொகுதியைப் பார்த்துக் கையால் நெய்தார்கள். 2001இல் தொடங்கிய நெசவு 2014இல்தான் முடிந்தது. மன்னரின் அறையை மட்டும் அதிகம் நிரப்பாமல் விட்டார்கள். அரண்மனை முடியுமுன்பே அவர் 1542இல் இறந்துபோனார். அந்த அறையில் நிற்கும்போதுதான் செய்தவர்களின் மேல் நம்பிக்கை பிறக்கும் என்று நினைக்கிறேன்.

மதுரையில் அந்த ஓக் வட்டங்களுக்கு இணையாக ஒன்றும் மிஞ்சவில்லை. சொக்கநாதரின் வண்டிகள் கொண்டுபோய்விட்டன. ஆனால் ஸ்டர்லிங் 13 ஆண்டு காத்திருந்து பெற்ற துணி, நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கும்பகோணம் பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டையில் கருப்பூர்க் கலம்காரி எழுதும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. நாயக்கர், மராத்தியர் காலத்து மரபு. 2021இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கோயில்களுக்கு அவர்கள் எழுதித் தருவது விதானம், வாயில் தோரணம், தேரில் தொங்கும் தொம்பை, தூணைச் சுற்றிக் கட்டும் உறை. துணியைக் கஞ்சியும் பாலும் கடுக்காயும் கொண்டு பதப்படுத்தி, மூங்கில் எழுதுகோலால் கோடிழுத்து, நிறம் ஏற்றுகிறார்கள். சுவருக்கும் கடுக்காய், துணிக்கும் கடுக்காய்.

மகாலின் ஒரு மூலையில், மூன்று தூண் இடைவெளிக்கு மட்டும், சுவரைத் தொடாமல், ஓர் ஆணிகூட அடிக்காமல், கயிற்றில் இழுத்துக் கட்டிய விதானமும் தரையில் விரிப்பும் திண்டும் வைத்துப் பார்க்கலாம். தூணுக்குக் கலம்காரி உறை. பக்கத்தில் ஒரு பலகையில், இது எந்த ஓவியத்தைப் பார்த்துச் செய்தது, யார் எழுதியது, எந்த ஆண்டு என்று தமிழில். மழைக்காலம் வந்தால் அவிழ்த்து மடித்து வைத்துவிடலாம். அவிழ்த்த அன்று தூண் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும், காதலர்கள் பெயர் கீறிய தழும்புகளோடு, அந்தத் தழும்பின் அடியில் தெரியும் வெள்ளைச் சுண்ணாம்போடு.